கப்பலுக்கே மச்சான்

ரசியா பேகத்துக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லிப் பழகாதவர்கள் சொல்லும் பொய்தான் அளவில் பெரிதாக இருக்கும். அவள் புருஷனிடம் சொன்ன பொய் ஒரு பாய்மரக் கப்பல் அளவுக்கு இருந்தது.

"மச்சான், நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போவுது. ஸ்காட்லாண்ட்ல ஒரு கப்பல் ட்ரிப் புக் பண்ணிட்டேன். ஆறே நாள்தான். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று விளம்பரக் காகிதத்தை நீட்டினாள்.

ஹாஜா நஜ்முதீனுக்கு ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சூட்கேஸ் கடை. ஊருக்குப் போகிற தமிழர், தெலுங்கர், குஜராத்தி எல்லாருக்கும் அவர் கடைப் பெட்டிதான். ஊரையே வழியனுப்பி வைப்பாரே தவிர, அவர் எங்கும் போனதில்லை. கடையை ஒரு நாள் பூட்டுவது என்றால் காய்ச்சல் வர வேண்டும், அதுவும் நூற்று இரண்டு டிகிரிக்கு மேல். அப்பேர்ப்பட்ட மனிதர் காகிதத்தை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, போவோம்" என்றார். அப்போதே ரசியா சுதாரித்திருக்க வேண்டும். பொய் பலித்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

விஷயம் கல்யாண நாள் இல்லை. விஷயம் ருக்ஸானா.

ஒரே மகள், இருபத்திரண்டு வயது. டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்து, வாப்பா கடையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் லட்டு கொடுத்து முடித்த மறு வாரம், "எனக்கு அது வேண்டாம்" என்றாள். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் கடல் பறவைகளைக் கணக்கெடுக்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள், அது கிடைத்துவிட்டது. பறவையை எண்ணுவதற்கா பெற்று வளர்த்தேன் என்று ஹாஜா குதித்தார். பிள்ளையும் லேசுப்பட்டதில்லை, இங்கிலீஷில் சரிக்குச் சரி நின்றது. பேச்சு முற்றிய இடத்தில் அவர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

"வல்லாஹி, நீ அங்க போனா உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அல்லாஹ்வின் பேரால் சத்தியம். "ஃபைன், வாப்பா" என்று சொல்லிவிட்டு ருக்ஸானா பெட்டி கட்டினாள். பெட்டி என்னவோ வாப்பா கடைப் பெட்டிதான்.

அதோடு பதினான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். ஹாஜா எடுத்தால், குரலைக் கேட்டதும் வைக்க மாட்டார். ரிசீவரை மேஜை மேல் பதமாகப் படுக்க வைத்து, "ரசியா, போன்" என்று சொல்லிவிட்டுக் கார் கழுவப் போய்விடுவார். ஜெர்சி சிட்டியிலேயே அவ்வளவு சுத்தமான கார் வேறெதுவும் இருந்திருக்காது. கோபமாக இருந்தால் ஆறிப் போயிருக்கும். இது சத்தியம், அவரோ சொன்ன சொல் தவறாதவர் என்று பேரெடுத்தவர். கழுத்தில் மாட்டிய கயிற்றை அவரே கழற்ற வேண்டும், அடுத்தவர் தொட முடியாது.

அதனால்தான் ரசியா கப்பலைப் பிடித்தாள். ஓபன் துறைமுகத்தில் கிளம்பி, தீவு தீவாகத் தொட்டுக்கொண்டு போய், ஆறாம் நாள் போர்ட்ரீயில் இறக்கிவிடுகிற கப்பல். ருக்ஸானா வேலை பார்க்கும் தீவில்தான் போர்ட்ரீ. துறைமுகத்துக்கு வந்து நில் என்று மகளிடம் சொல்லியாயிற்று. வாப்பாவுக்குத் தெரியாது என்பதையும் சொல்லியாயிற்று. மூன்றாயிரம் மைலுக்கு அப்பால் பேசாமல் இருப்பதைப் பிள்ளை எப்படியோ தாங்கிக்கொண்டது. எதிரில் நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் தாங்குமா? அந்த ஒரு கேள்வியையும் ரசியா பெட்டிக்குள் வைத்துக் கட்டினாள்.

இரண்டாயிரமாவது ஆண்டு ஜூன் மாதம் ஓபனில் ஏறினார்கள். இரண்டு பாய்மரம் உள்ள பழைய மரக்கப்பல், பன்னிரண்டு பயணிகள், வேலையாட்கள் நாலே பேர். காசு கொடுத்து வந்தவர்கள் கால் மேல் கால் போட்டு உட்காரலாம் என்ற பேச்சே அங்கே இல்லை. பாயை ஏற்ற எல்லாரும் கயிறு இழுக்க வேண்டும், உருளைக்கிழங்கும் உரிக்க வேண்டும். செம்பட்டைத் தாடி வைத்த காப்டன் முதல் நாளே ஹாஜாவின் கையில் கயிற்றைக் கொடுத்தார். கைலியைத் தவிர வேறெதையும் இழுத்துக் கட்டிப் பழகாத மனிதர் அவர். காற்று வேறு கயிற்றை வெடுக்கென்று பறித்தது.

"மச்சான், பாத்து! மச்சான், பாத்து பாத்து!" என்று ரசியா அலறினாள்.

வந்தது வினை. அவர் பேர் மச்சான் என்று கப்பலே முடிவு கட்டிவிட்டது. கயிறு இழுக்கும்போது 'பாத்து' என்று கத்துவது அவர்கள் ஊர் வழக்கம் என்றும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை பாய் ஏற்றும்போது பத்து வெள்ளைக்காரர்கள் ஒரே குரலில் "பாத்து! பாத்து!" என்று தம் கட்டி இழுத்தார்கள். "குட் மார்னிங், மச்சான்" என்றார் காப்டன். எழுபது வயது ரிடையர்டு டீச்சரம்மா ஒருத்தி, "மச்சான், டீ வேண்டுமா?" என்று தேனாகக் கேட்டபோது ரசியாவுக்குச் சுருக்கென்றது.

"அது உங்க பேரில்லன்னு சொல்லுங்களேன்" என்று புருஷனின் விலாவில் இடித்தாள்.

"எதுக்கு? காப்டனுக்கு நான் மச்சான்னா, நீ அவருக்கு அக்கா முறை. ஒரே நாள்ல உனக்குக் கப்பல் நிறையக் கூடப் பொறந்தவங்க கிடைச்சிருக்காங்க. அனுபவி."

"அந்த டீச்சரம்மாவுக்கு நீங்க என்ன முறை?"

"அதை நீதான் அவங்ககிட்ட கேக்கணும்" என்று ஹாஜா சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ரசியா அந்த முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யா அல்லாஹ், இந்த முகம் ஆறாம் நாள் வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

டோபர்மோரியில் கரை நெடுக மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள். கன்னாத் தீவில் ஆளை விட ஆடு அதிகம். அங்கே தொழுகைக்கு நேரமானபோது கப்பல் நங்கூரத்தில் நின்றது. ஓடுகிற கப்பலில் தொழுவதுதான் பாடு. காற்றுக்கேற்பக் கப்பல் வளைந்து வளைந்து போகும், தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா திசை வலது பக்கம் இருந்து இடது பக்கம் போய்விடும். இரண்டாம் நாள் இவர் படும் பாட்டைக் காப்டன் கவனித்தார். அதிலிருந்து, "மச்சான், இன்னும் பத்து நிமிடம் நேராகத்தான் போவோம், தொழுதுவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். தம்பி முறைக்குத் தகுந்த தம்பிதான் என்று ரசியா மனம் இளகினாள்.

நாலாம் நாள் காலை யாரோ தூண்டில் போட்டு ஒரு வாளி நிறையக் கானாங்கெளுத்தி பிடித்தார்கள். ரசியாவுக்குக் கை துறுதுறுத்தது. சமையற்காரி மோராக்கிடம் கேட்டு அடுப்பை வாங்கிக்கொண்டாள். ஜெர்சி சிட்டியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மசாலாப் பொடியைப் போட்டு, புளி கரைத்து ஊற்றி மீன் ஆணம் வைத்தாள். கப்பல் முழுக்க வாசம். மூக்கு ஒழுக ஒழுக எல்லாரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஹாஜா மட்டும், "அப்புறம் சாப்பிடறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அலை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ரசியா விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் மதியம் மோராக் அவளைத் தனியே கூப்பிட்டு, மச்சானுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாள். நேற்றுப் பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம். இன்றும் அப்படியேதானாம். ராத்திரி பத்தரை மணிக்குச் சூரியன் மறைந்த பிறகுதான் வந்து தட்டில் மூடி வைத்ததைச் சாப்பிட்டாராம்.

ரசியா போட்டது போட்டபடி மேல்தளத்துக்கு ஓடினாள். அவர் முன்பாய்மரத்தடியில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது.

"மச்சான், நோன்பு வச்சிருக்கீங்களா?"

கடலைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"ரமலானுக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. இது என்ன நோன்பு?"

"நாளைக்குச் சத்தியத்தை முறிக்கப் போறேன்ல. அதுக்கு."

ரசியா அவர் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நம்ம வீட்டு மெயில் பாக்ஸ் சாவி யாருகிட்ட இருக்கு, ரசியா? ராணி தலை போட்ட ஸ்டாம்போட வர்ற ஒவ்வொரு கவரையும் நான்தான் எடுத்தேன். நான்தான் கரண்ட் பில்லுக்கு நடுவுல, உன் கண்ணுல படற மாதிரி சொருகி வச்சேன். பின்பக்கம் போர்ட்ரீ, போர்ட்ரீன்னு எழுதியிருக்கும். நீ கப்பல் பேப்பரை நீட்டினப்ப நான் கடைசி ஊரைத்தான் மொதல்ல படிச்சேன்."

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"இல்லன்னா ஜூன் மாசம், பெட்டி விக்கிற சீசன்ல, கடையைப் பூட்டிட்டு வருவேனா?"

சத்தியத்தை முறிக்கிறவர் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். அதற்கு வக்கில்லாதவர்தான் மூன்று நாள் நோன்பு பிடிக்க வேண்டும். ரசியாவும் ஓதின குடும்பத்துப் பெண்தான், விட்டுக்கொடுப்பாளா?

"அல்லாஹ் வசதி குடுத்திருக்கான். பத்துப் பேருக்குச் சோறு போடாம நோன்பு பிடிச்சா எப்படிக் கூடும்?"

"அது கிளம்பறதுக்கு முன்னாலயே நம்ம ஊர் கீழக்கரைக்குச் சொல்லி அனுப்பிப் போட்டாச்சு. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சரியாப் போச்சுன்னுட்டாரு."

"அப்புறம் எதுக்கு இது?"

ஹாஜா காய்ந்த உதட்டைத் தடவிக்கொண்டார். "அங்க யாரோ வயிறாரச் சாப்பிட்டாங்க. எனக்கு ஒண்ணும் வலிக்கலையே ரசியா. பிள்ளையைப் பேசினது இந்த வாய். இது ஒரு மூணு நாள் காயட்டும்" என்றார்.

ரசியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கூறு கெட்ட மனுஷன்! பத்தொன்பது மணி நேரப் பகல்ல நோன்பு பிடிக்க வேற ஊர் கிடைக்கலையா உங்களுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தனை நாள் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலைஞ்சிருப்பேனா?"

"நீயும்தான் சொல்லல."

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது.

"முறிக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு" என்றார் ஹாஜா. "ஆனா மொத வார்த்தை என்ன பேசறதுன்னு தெரியல. மன்னிச்சுக்கன்னு சொல்ல நாக்கு வருமா? நேத்திலேருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். வர மாட்டேங்குது."

"அங்க போனா வரும்" என்றாள் ரசியா. அவளுக்கே அந்த நம்பிக்கை இல்லை.

ஆறாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போர்ட்ரீ வந்தது. மலைக்கு நடுவே சின்னத் துறைமுகம், கரையில் வரிசையாக வீடுகள். கல் துறையின் விளிம்பில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ருக்ஸானா நின்றாள். கடல் காற்றில் முகம் கறுத்து, மெலிந்து போயிருந்தாள். ஹாஜா சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு இறங்கினார். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்.

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. ருக்ஸானாவுக்கு இந்த நோன்பும் பரிகாரமும் என்ன தெரியும்? சத்தியம் இன்னும் அப்படியே இருக்கிறது, வாப்பா பேச மாட்டார் என்று நினைத்து அவள் உம்மாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கப்பலில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட என்னவென்று தெரியாமலே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரசியா நடுவில் புகுந்து ஏதாவது சொல்லலாம்தான். ஆனால் இது அவள் பேச வேண்டிய இடமில்லை.

பத்து வருஷமாக வீட்டில் தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷிலேயே பதில் சொன்ன பிள்ளை அது. என்ன பேசுவதென்று தெரியாத நேரத்தில் அதன் வாயில் வந்தது, உம்மா வாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம் வருகிறவர் எல்லாரிடமும் கேட்டுக் கேட்டுக் காதில் ஏறிய ஒரே வார்த்தை.

"வாப்பா, சாப்ட்டீங்களா?"

ஹாஜா நஜ்முதீனின் முகம் அப்படியே உடைந்தது.

"இல்லம்மா" என்றார். "இன்னும் சாப்பிடல."

ருக்ஸானா திடுக்கிட்டுப் போனாள். பிறகு அவசர அவசரமாகத் தோள் பையைத் துழாவி, வேலை இடத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த முட்டை சாண்ட்விச்சை எடுத்து, காகிதத்தைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினாள். மூன்றாவது நோன்பு முடிய இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"மச்சான், பொழுது…" என்று ரசியா ஆரம்பித்தாள்.

அவர் அதற்குள் வாங்கிக் கடித்துவிட்டார். கடமையான நோன்பு இல்லை, தானாகப் பிடித்ததுதான், குற்றமில்லை என்று ரசியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் மெதுவாக மென்றார். கண்ணீர் தாடியில் இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. இன்னொரு கையால் மகளின் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

"உப்பு கம்மி" என்றார் வாய் நிறைய ரொட்டியோடு.

ருக்ஸானா அழுதபடியே சிரித்தாள். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார், இனிப் பயமில்லை என்று ரசியா கைப்பையைத் திறந்து முகம் துடைக்கத் துணி தேடினாள்.