கிட்டுசாமிக்கு வந்த இடுப்பு வலி

கிட்டுசாமிக்கு இடுப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவருடைய சம்பந்தி கேரளா போய்ப் பத்து நாள் இடுப்புக்கு எண்ணெய் வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்து, போகிற விசேஷத்தில் எல்லாம் அதையே பேசினார். அதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டதுதான் இவர் இடுப்பு. அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவர் வலியில் மட்டும் பின்தங்கலாமா? கணியூரில் தென்னந்தோப்புக்குள் புதிதாகத் திறந்திருந்த இயற்கை வைத்தியசாலையில் பதினைந்து நாளைக்குப் பெயர் கொடுத்து, துணைக்கு மனைவி சென்னம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் வயிற்றில் மண் பூசினார்கள். மத்தியானம் வாழை இலையில் சுற்றி வெயிலில் கிடத்தினார்கள். ஆளைச் சும்மா படுக்கவைப்பதற்குப் பெயர் வைத்தியமா என்று அவருக்குச் சந்தேகம். மூன்றாம் நாள் தலையணை உறையைத் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தார். நாலாம் நாள் மண் பூசுகிற ராக்கையாவின் பனியனில் கை வைத்தார்.

"கழுத்துல பிசிறு பாத்தியா? எங்க கம்பெனில இது செக்கிங்லயே நிக்காது."

"ரெண்டு வருசமா இதத்தான் போடுறேன் மொதலாளி, நல்லாத்தான் இருக்கேன். குப்புறப் படுங்க" என்றான் மதுரைப் பக்கத்துக்காரனான ராக்கையா.

ஐந்தாம் நாள் காலையில் சென்னம்மாளிடம், "வலி போயிருச்சுன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போட்டுக் கெளம்பலாம். பையக் கட்டு" என்றார்.

"பதினஞ்சு நாளுன்னு சொன்னீங்களே?"

"கம்பெனி என்னாச்சோ."

"பையன் நித்தீஷ் பாத்துக்குவானுங்க. இங்க மூணு வேளையும் என்ற எதுருல கொண்டாந்து வெக்கறாங்க. உப்பில்லாத பச்சக் காய்தான். ஆனா நான் நறுக்கலீங்க. அதுக்குத்தான் வந்தேன். உங்க இடுப்புக்காகவா வந்தேன்?"

சொல்லிவிட்டுப் பையை எடுத்துச் சேலையை மடிக்க உட்கார்ந்தாள்.

அவர் குளித்துவிட்டு வந்தபோது, பாதி மடித்த சேலையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மணி ஒன்பது. முப்பத்தோரு வருசத்தில் வெளிச்சத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை.

டாக்டர் ஆஷா வந்து கதவருகே நின்றாள். "இடுப்பு எப்படீங்க?"

கிட்டுசாமி குரலைத் தாழ்த்தி, சுவரைப் பிடித்துக்கொண்டார். "அத ஏனுங்க கேக்கறீங்க! நேத்தைக்கு இன்னிக்கு ஜாஸ்திங்க. பதினஞ்சு நாள் பத்தாது போலிருக்குதுங்க."

டாக்டர் யோசித்தாள். "அப்படீன்னா ரெண்டு நாள் பட்டினி போட்டுப் பாத்தரலாமுங்க."

"போடுங்க" என்றார் கிட்டுசாமி. "எனக்கு மட்டும் போடுங்க."