கைராசி மிளகாய்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் வர வேண்டும். வராவிட்டால் உடனே மூடியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். அவர் வேலைக்கு அது நல்ல குணம்தான். ஆனால் பால்கனியில் மிளகாய் விதை போட்ட தொட்டிக்கு முன்னால் அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விதை போட்டவள் அவர் மனைவி. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே பால்கனிக்குத்தான் போவாள். தொட்டியில் மண் வெறும் மண்ணாகவே இருக்கும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வருவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூட வயதில் ஈரப் பஞ்சில் அவள் வைத்த பயறு அழுகிப்போனதிலிருந்து அவளுடைய அக்காவுக்கு ஒரே பல்லவி: "இவ கை வச்சா வெளங்கினாப்புலதான்." மற்ற எதற்கும் அக்காவோடு மல்லுக்கு நிற்கிறவள், இதை மட்டும் அப்படியே நம்பிவிட்டாள்.

"எனக்குக் கைராசியே இல்லைங்க," என்றாள் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி. "இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே மண்ணைத் தொடவே மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் வேலை சீக்கிரம் முடிந்தது. வழியில் நாற்று விற்கிற கடை. கடைக்காரர் யாரோடோ போனில் காரசாரமாகப் பேசிக்கொண்டே, "மிளகாயா? அந்தப் பக்கம், நீங்களே எடுத்துக்குங்க," என்று கையைக் காட்டினார். எந்தப் பக்கம் என்று கேட்டால் மெக்கானிக்கின் மானம் என்னாவது? இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டார். இலை பச்சையாக இருந்தது. அது போதும் அவருக்கு.

மனைவி வருவதற்குள் தொட்டி மண்ணை மொத்தமாகத் தோண்டி, துணிக் கொடிக்குக் கீழே துடைப்பங்களுக்குப் பின்னால் கிடந்த உடைந்த வாளியில் கொட்டினார். தொட்டியில் புது மண் நிரப்பி நாற்றை நட்டார். கையைக் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் டிவி முன்னால் உட்கார்ந்தார்.

"என்னங்க! இங்க வாங்களேன்!"

ஒரே நாளில் நாலு இலையோடு மிளகாய் முளைக்குமா என்று அவள் யோசிக்கவே இல்லை. ஆசை அவள் கண்ணை மறைத்துவிட்டது. அன்று இரவே அக்காவுக்கு போன் பறந்தது. எதிர்வீட்டு டீச்சர் வந்து பார்த்து, "உங்க கையால எனக்கும் ரெண்டு வெதை போட்டுக் குடுங்க," என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் நடையே மாறிப்போயிற்று. பொய்யோ புனைசுருட்டோ, அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று மெக்கானிக் மனசுக்குள் பூரித்துப்போனார்.

செடி கொழுகொழுவென்று வளர்ந்தது. இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. "மிளகாய்க்கு இவ்வளவு பெரிய இலையா?" என்று டீச்சர் இழுத்தபோது, "நல்ல ரகம் போல," என்று முந்திக்கொண்டு சமாளித்தது அவர்தான்.

அப்புறம் ஒரு நாள், ஒரு லிஃப்டின் மேல் அவர் நின்றிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஊதா நிறத்தில் ஒரு பூ. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'டீச்சர் இதைக் கத்தரிக்காய்ங்கிறாங்க.'

அவர் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்குப் போனபோது அவள் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நீ மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னுதான்..." என்று முடித்தார்.

அவள் திட்டவில்லை. "சரி. நான் போட்ட வெதையை என்ன பண்ணீங்க?"

"மண்ணோட சேர்த்து... அந்த வாளியில."

அவள் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று எழுந்துபோய்த் துடைப்பங்களை ஒதுக்கினாள்.

வாளி நிறைய ஒல்லி ஒல்லியாகச் செடிகள், வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. காயப்போட்ட துணியிலிருந்து சொட்டிய தண்ணீரிலேயே வளர்ந்திருக்கின்றன.

"இதைக் களைன்னு நெனைச்சு நேத்து பிடுங்கப் போனேன். நல்லவேளை, காலிங் பெல் அடிச்சுது," என்றாள். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள். எதிர்க்கதவைத் தட்டி டீச்சரைக் கையோடு இழுத்துவந்தாள். டீச்சர் குனிந்து பார்த்து, "மிளகாயேதான்," என்றார். "இது முளைக்க நாளாகும். பொறுமையா விட்டிருந்தா தொட்டியிலேயே வந்திருக்குமே."

மெக்கானிக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் அதற்குள் அக்காவுக்கு போன் போட்டுவிட்டாள்.

"அக்கா, கேட்டுக்கோ. என் கையில ஒரு கோளாறும் இல்ல. இந்த மனுசனுக்குத்தான் பொறுமை இல்ல!"

சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அவருக்கு இதுதான் முதல் தடவை.

வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துவிட்டு, "அப்போ இந்தக் கத்தரிக்காய் யாரோட கைராசி?" என்று மெல்லக் கேட்டார்.

"அது நாத்துக்கடைக்காரரோடது. நீங்க தண்ணி ஊத்துங்க, போதும்," என்றாள் அவள்.