சக்கரவர்த்தியின் தீவனம்

மலாக்காவின் கஜா பெராங் வாசிகளுக்கும், விரைவில் விடுதலை பெறவிருக்கும் மலாயா முழுமைக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: துரையின் ஆபீஸில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி மாணிக்கவாசகத்தின் மெர்போக் புறாவாகிய சக்கரவர்த்தி, மெர்டேக்கா என்னும் விடுதலைக் கொண்டாட்டத்தையொட்டி பண்டார் ஹிலிர் திடலில் நடக்கும் பறவைக் குரல் போட்டியில் பாடும்.

இதை அறிவித்தவரும் மாணிக்கவாசகமேதான். கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, யாரும் கேட்காமலே அறிவித்தார். சிக்கல் ஒன்றுதான். வாங்கி வந்த நாள் முதல் சக்கரவர்த்தி வாயே திறக்கவில்லை. பாலில் ஊறிய சீமை பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, கூண்டு மூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தது.

நாள் நெருங்க நெருங்கக் கிராணிக்குச் சோறு இறங்கவில்லை.

"பாடாட்டி போகுதுங்க. புறாவுக்கெல்லாம் போலீஸ்காரன் கேஸா போடப் போறான்?" என்றாள் மனைவி சந்திரமதி.

"ஒனக்கென்ன தெரியும்? ஆபீஸே வந்து உட்காரும். துரையும் வராரு."

பின்தெருவில் ராமச்சந்திரன் இருந்தான். மலாக்கா செட்டி, பேச்சு மலாய், வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவன் வீட்டுப் பறவைகள் விடிந்தால் தெருவையே எழுப்பிவிடும். கிராணி கௌரவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலியோரம் நின்று ரகசியம் கேட்டார். ராமச்சந்திரன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்காமலே, "பீஜி காஞ்சா, அபாங். காசி மாக்கான் லா" என்று குழறினான். பீஜி என்றால் விதை. தின்னக் கொடு, அண்ணே என்கிறான். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றையும் நீட்டினான்.

கஞ்சா விதை. கிராணி பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார். உள்ளே யானைப் படம் போட்ட பை. 'என்ன கள்ளத்தனம். போலீசை ஏமாத்த யானையைப் போட்டிருக்கானுங்க.' எழுத்தைப் படிக்கவும் பயந்து பையைத் திருப்பி வைத்தார்.

என்றாலும் அவரிடம் ஒரு சித்தாந்தம் தயாராக இருந்தது. விதையின் சத்து புறாவின் மூளைக்குப் போகும். அங்கே அதற்கென்றே ஒரு பூட்டு இருக்கும். திறந்தால் பாட்டு வரும். வெகுகாலம் கழித்து விஞ்ஞானிகள் பாட்டுக்குருவிகளின் மூளையில் கஞ்சாச் சத்தை ஏற்கும் ஏற்பிகள் இருப்பதை உண்மையிலேயே கண்டறிந்தார்கள். அந்தச் சத்தைப் போலவே வேலை செய்யும் மருந்தைக் கொடுத்தபோது இளங்குருவிகள் பாட்டுக் கற்கத் தடுமாறியதையும் கண்டார்கள். கிராணியின் சித்தாந்தத்தில் அந்தப் பகுதி இல்லை.

பிஸ்கட்டுக்குப் பதிலாக விதை விழுந்தது. சக்கரவர்த்தி ஆவலோடு கொத்தியது. சில நாளில் மெல்லக் கூவியது. பிறகு ஓயாமல் கூவியது. கிராணிக்கு மகிழ்ச்சி வருவதற்குள் போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் தம்பிராஜா வந்து சொல்லிவிட்டுப் போனார்: தலைமை நடுவர், போலீஸ் இன்ஸ்பெக்டர்.

அதன் பிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே அவர் குளியலறைக்குள் போய்விடுவார்.

"வயிறு சரியில்லையா?" என்றாள் சந்திரமதி.

"மனசு சரியில்ல."

"அதுக்கு ஏன் பாத்ரூமு?"

போட்டியன்று, வீட்டில் வைத்தால் மனைவி கண்ணில் படும் என்று பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு திடலுக்குப் போனார். முதல் வரிசையில் துரை இருந்தார். சந்திரமதியும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். கூண்டைக் கம்பத்தில் ஏற்றியதும் சக்கரவர்த்தி பாடத் தொடங்கி நிறுத்தவேயில்லை. கிராணி ஒவ்வொரு கூவலையும் சாட்சி வாக்குமூலம்போலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மலாய்க்கார இன்ஸ்பெக்டர் நேரே அவரிடம் வந்து, என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புதான் கிராணியை உடைத்தது. பையை எடுத்து நீட்டினார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார்.

"கஞ்சா, துவான். பெண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது."

திடல் அடங்கிவிட்டது. சக்கரவர்த்தி மட்டும் பாடியது. இன்ஸ்பெக்டர் பையைத் திருப்பி, விரல் வைத்து எழுத்துக்கூட்டிக் காட்டினார். "காஜா. யானை மார்க். என் வீட்டுப் பறவைக்கும் இதுதான்."

சந்திரமதி எட்டி, கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

அது தினை.