பன்னிரண்டு கோடைச் சட்டைகள்

பத்து நாள். மலர்விழி தன் புருஷனிடம் கேட்டு வாங்கியது அவ்வளவுதான்.

"அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் பொறு. பின்னல் ஆர்டர் வந்துச்சுன்னா நீ ஆந்திராவுக்குப் போகக் கூடாது. வரலன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

தமிழழகன் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தான். பற்ற வைக்கவில்லை.

"நீ வாய தொறக்காம இருப்பியா? அதப் பாக்குறதுக்காவது ஒருவாட்டி போய்ட்டு வரலாம் போலருக்குதே."

சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஏரிக்கொல்லையில் ஆந்திரா என்றால் செம்மரம். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஊர் அது. கரும்பு வெட்டிப் பிழைத்த ஊர். போன வருஷம் வெட்டுகிற மிஷின் வந்தது. பதினைந்து பேர் ஒரு வாரம் வெட்டும் தோட்டத்தை ஒரே பகலில் மொட்டையடித்துவிட்டுப் போனது. அதற்கப்புறம்தான் சுப்புராயன் ஊருக்குள் வண்டியை நிறுத்த ஆரம்பித்தான். திருட்டு மரம் வெட்ட ஆள் சேர்க்கும் புரோக்கர். முதல் தடவை அவனோடு போனவர்களில் பிச்சைமுத்து மட்டும் திரும்பவில்லை. பத்து மாதமாக ஏதோ ஒரு ஜெயிலில் இருக்கிறார் என்று வக்கீல் சொல்கிறார். எந்த ஜெயில் என்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்கிறார்.

பிச்சைமுத்துவின் மனைவி ஜெயம்மாள், மலர்விழியின் பின்னல் குழுவில் மூத்தவள். மொத்தம் ஆறு பெண்கள். கல்யாணத்துக்கு முன் குடகில் மிளகு பறிக்கப் போன இடத்தில், பக்கத்து முகாமிலிருந்த திபெத்துப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்துப் பார்த்தே மலர்விழி கற்றுக்கொண்டாள். ஊருக்கு வந்து மற்ற ஐந்து பேர் கையிலும் இரண்டிரண்டு ஊசியைத் திணித்தாள்.

அன்றைக்கு மதியமே கார் வந்தது.

சென்னைக் கம்பெனியின் தரச் சோதனையாளர் தீனதயாளன். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, ஓயாமல் முகம் துடைக்கும் கைக்குட்டை. சமுதாயக் கூடத்து சிமெண்ட் தரையில் நாலு வகை நூலில் கட்டுக் கட்டாகக் கண்டுகளை வைத்தார்.

"கைக்குழந்தைங்க கோடையில போடுற சட்டை. வெளிநாட்டுக்குப் போகுது. நாலுமே இயற்கை நூல். உரம், பூச்சி மருந்து இல்லாம விளைஞ்சது. வெளுக்கலை, சாயம் போடலை. எந்த நூல், என்ன டிசைன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பன்னிரண்டு சாம்பிள். அடுத்த வியாழன் மத்தியானம் வந்து வாங்கி, அன்னைக்கே லேபுக்கு அனுப்பணும். நான் பார்த்து சரின்னு சொல்லிட்டா ஆர்டர் உங்களுக்குத்தான், வருஷம் பூரா வேலை. ஒண்ணே ஒண்ணு, சாயமோ கெமிக்கலோ கிட்டயே வரக் கூடாது."

அவர் போனதும் ஜெயம்மாள் ஒரு கண்டை எடுத்து முகர்ந்தாள்.

"இன்னாடி இது, சாக்குப்பை கலருல இருக்குது. வெளிநாட்டுக்காரன் கொயந்தைக்கு இதத்தான் மாட்டுவானா? நம்மூட்டு அடுப்புத் துணியே இதவிட ஷோக்கா இருக்கும்."

"அதான் அதோட அசல் கலருக்கா."

நூலைத் தேர்ந்தெடுக்க மலர்விழிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒவ்வொரு நூலிலும் மூன்று முழம் அறுத்து, முறுக்கி, ஆளுக்கொன்றாய் நாலு பேர் கழுத்தில் கட்டிவிட்டாள். மறுநாள் ஆறு பேரும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போனார்கள். பங்குனி வெயில். பகல் பன்னிரண்டு மணிக்குள் நாலு நூலும் தம் குணத்தைக் காட்டிவிட்டன.

"ஐயே, என்னால முடியாதுப்பா" என்று நிர்மலா முதலில் பிய்த்து எறிந்தாள். அவள் கழுத்தில் இருந்தது லினன். வேர்வை பட்டதும் புல் மாதிரி அறுத்தது. மூங்கில் கலந்த நூல் குளுகுளுவென்று இருந்தது, ஆனால் நனைந்ததும் நீண்டு தொங்கியது. பழுப்புப் பருத்தி தடிமன், உப்பு பூத்து விறைத்தது. சாக்குப்பை கலர் என்று ஜெயம்மாள் கேலி செய்த பருத்தி மட்டும் அவள் கழுத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது. சாயங்காலம் மலர்விழி கேட்டபோதுதான் தடவிப் பார்த்தாள்.

"அட, இது இருக்குதா இன்னும்?"

"அப்ப இதான் நூலு" என்றாள் மலர்விழி.

டிசைனுக்கு இரண்டு நாள் போனது. இலைப் பின்னல் அழகு, காற்றுப் புகாது. மீன்வலைப் பின்னலில் காற்று ஜிலுஜிலுவென்று வரும், ஆனால் நிர்மலாவின் எட்டு மாதக் குழந்தை துளைக்குள் விரலை விட்டு இழுக்கத் தெரியாமல் கத்தியது. துளையைச் சின்னதாக்கி, நாலு கண்ணிக்கு ஒரு துளை என்று வைத்துப் பார்த்தார்கள். குழந்தையின் சுண்டுவிரல் நுழையவில்லை. வாயால் ஊதினால் காற்று அந்தப் பக்கம் போனது. கையில்லாத சட்டை, தோளில் ஒரு முடிச்சு. முடிவாயிற்று.

பின்னினார்கள். கிழங்கு வேலையை விட்டுவிட்டுப் பின்னினார்கள். நடுவில் ஒருநாள் தமிழழகன் கூடத்து வாசலில் வந்து நின்று ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"இதுக்குள்ள என் கை மட்டும்தான் போவும்."

"ஒனக்கா பின்றோம்? எடத்த காலி பண்ணுய்யா" என்றாள் ஜெயம்மாள்.

"யக்கா, நல்லபடியா பின்னு. நீ பின்றதுலதான் நான் வண்டி ஏறுறதா, வூட்ல குந்திக்கினு இருக்கறதான்னு இருக்குது."

ஜெயம்மாளின் ஊசி மட்டும் வேகமாக ஓடியது.

புதன்கிழமை காலை பன்னிரண்டு சட்டைகளும் முடிந்தன. எண்ணி மடித்து வைத்தபோது ஜெயம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"இப்டியேவா குடுக்கறது? கோடிடி இது. தண்ணி காட்டாத கோடிய பச்சக் கொயந்த மேல போடுவாங்களா? சாவுக்குத்தான் அப்டியே போத்துவாங்க."

ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் மலர்விழியைப் பார்த்தார்கள். யாருக்கும் இது கேள்வியே இல்லை. புதுத் துணியை நனைத்து, மூலையில் மஞ்சள் தடவாமல் ஒரு பிள்ளைக்கும் அந்த ஊரில் போட்டதில்லை.

"மஞ்சள் வாணாம்" என்று மலர்விழி உஷாராகச் சொன்னாள். "சாயம்னுடுவாரு."

"செரி, அலசியாவது குடுப்போம். கைப்பட்டு கைப்பட்டு அழுக்கா வேற இருக்குது."

மலர்விழி சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் போனாள். வழக்கமாக வாங்கும் நீலக் கட்டிச் சோப்பை அவள் தொடவில்லை. கடையில் இருப்பதிலேயே விலை ஜாஸ்தியான சோப்புத் தூள் பாக்கெட்டைக் கேட்டாள். மேலே ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அவளே துவைத்தாள். இரண்டு தண்ணீர் அலசி, நிழலில் காயப்போட்டாள். சாக்குப்பை நிறம் ஒரு படி வெளுத்து வந்தது. ஆறு பேருக்கும் சந்தோஷம்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. தீனதயாளன் சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்தார். இழுத்தார். துளைகளை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா. இவ்வளவு நல்லா வரும்னு நான் நினைக்கவே இல்லை. ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்துங்க."

சாத்தினார்கள். கதவையும் சாத்தச் சொன்னார். பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு டார்ச்சை எடுத்து அழுத்தினார். ஊதா நிறத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம்.

சட்டை எரிந்தது.

எரிந்தது என்றே நிர்மலா நினைத்து, ஐயோ என்று கத்திவிட்டாள். இருட்டில் அந்தச் சின்னச் சட்டை டியூப்லைட் மாதிரி நீல வெள்ளையாக ஜொலித்தது. அடுத்ததும் அப்படியே. பன்னிரண்டும்.

தீனதயாளன் டார்ச்சை அணைத்தார்.

"நூல் எங்கம்மா?"

"இதான் சார்."

"நான் கொடுத்த நூல் எங்கன்னு கேக்குறேன். இது வெளுத்த மில் நூல். சந்தையில வாங்குனதா?"

"சார், சத்தியமா நீங்க குடுத்ததுதான்!"

மலர்விழி மூலைக்கு ஓடி, மிச்சமிருந்த கண்டை எடுத்து வந்து நீட்டினாள். "இத பாருங்க. இதுலதான் பின்னோம். அடிச்சிப் பாருங்க சார்!"

அடித்தார். கண்டு கறுப்பாகவே இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"இது என் நூல். அது வேற நூல். நீங்களே நிரூபிச்சிட்டீங்களேம்மா."

ஜெயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலர்விழி சட்டையையும் கண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே நூல். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்.

வெளியே ஓடினாள். செம்பில் தண்ணீர், ஒரு சிட்டிகைத் தூள். கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கசக்கி, அலசி, பழுக்கக் காய்ந்த கார் பானெட் மேல் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் நூல் முறுகியது. உள்ளே கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப அடிங்க."

நீல வெள்ளையில் ஒரு கோடு தரையில் மின்னியது.

தீனதயாளன் அந்த நூலை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார்.

"எதுக்கும்மா துவைச்சீங்க?"

"கோடிய கொயந்தைக்குப் போடக் கூடாதுங்க."

கைக்குட்டையை எடுத்தவர் முகத்தைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "தூள்ல வெளுப்பு மருந்து இருக்கும். துணியில ஒட்டிக்கும், போகாது. அதுதான் இப்படி அடிக்குது. உங்களை நான் நம்புறேன். நூலை மாத்தலைன்னு நம்புறேன்."

"அப்ப வேற பின்னித் தரோம் சார். நூல் இருக்குது. ரெண்டே நாள். தூங்காம பின்றோம்."

"சாயங்காலம் ஆறு மணிக்கு பார்சல் போகணும். வேற மாவட்டத்துக் குழு ஒண்ணோட சாம்பிள் கார்லயே இருக்கு. அதைத்தான் அனுப்பணும்."

"அடுத்த வருஷமாச்சும்..."

"வெளுப்பு மருந்து கண்ட இடத்தைப் பட்டியல்லேருந்தே எடுத்துடுவாங்க. நான் எழுதலைன்னா என் வேலை போகும்." எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "பின்னல் ரொம்ப நல்லா இருந்ததும்மா."

அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

மணி மூன்று. நாலு மணிக்கு சுப்புராயன் வண்டி கிளம்பும். மலர்விழி வீட்டுக்கு ஓடினாள். தமிழழகன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தபடியே எழுந்தான். முகத்தில் இருந்ததை அவள் ஓடிவரும்போதே துடைத்துப் போட்டிருந்தாள்.

"கெடச்சிடுச்சு" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமாதான். வருசம் பூரா வேல. அந்தாளுகிட்ட வரலன்னு சொல்லிட்டு வா, போ."

அவன் அவளை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். பன்னிரண்டு வருஷக் கல்யாணத்தில் பகலில் அப்படிச் செய்தது கிடையாது. "எம்மாந் திமிரு இருக்கும் உனுக்கு இனிமே" என்று சொல்லிக்கொண்டே நடந்தான். அவன் முதுகைப் பார்த்தபடி அவள் கணக்குப் போட்டாள். வண்டி போய்விட்டால் போதும். நாளைக்குத் தெரியட்டும். அடிக்கட்டும். அடுத்த வண்டி வர ஒரு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் எதுவும் நடக்கலாம்.

ஒன்றை அவள் மறந்திருந்தாள். வண்டி நிற்கும் இடத்துக்குப் போகும் வழி சமுதாயக் கூடத்தைத் தாண்டித்தான் போகிறது.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். கோபமாக வந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். கோபம் இல்லை.

"ஜெயம்மா அக்கா நடுரோட்ல குந்திக்கினு மண்ண வாரித் தூத்திக்கினு இருக்குது" என்றான். "இன்னாக்கா ஆச்சுன்னு கேட்டேன். சொல்லிச்சு."

அவள் வாசலை மறித்து நின்றாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், துணிப்பையை எடுத்தான்.

"பிச்சைமுத்து அண்ணன நெனச்சிப் பாருய்யா. எங்க இருக்காருன்னே தெரில."

"அவரு ஓடத் தெரியாம மாட்டிக்கினாரு. நான் ஓடுவேன்."

"எங்க ஓடுவ? தெச தெரியுமா? பாஷ தெரியுமா?"

"தொரத்துறவன் எந்தப் பக்கம் வரான்னு தெரிஞ்சா போதும்."

"நான் கிழங்கு புடுங்கறேன். கல்லு ஒடைக்கிறேன். நீ ஒண்ணும் செய்ய வாணாம், சும்மா வூட்ல இரு."

"சும்மா இருந்துதான ஒரு வருசமா பாத்துக்கினு இருக்கற" என்றான். "பொய் சொன்னியே, அப்ப கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனான். கைகலப்பு இல்லை, கூச்சல் இல்லை. நாலு மணிக்கு வண்டி கிளம்பிய சத்தம் வீடுவரை கேட்டது.

ஆறு மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவனுக்குப் போன் அடித்தாள். மணி போனது. யாரோ எடுத்தார்கள்.

"யோவ், எங்க போய்க்கினு இருக்க?"

"யாரும்மா?" பெண் குரல். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. "நான் சுப்புராயன் சம்சாரம் பேசறேன். இது யாரு போனு?"

"தமிழழகன். எங்க வூட்டுக்காரரு."

"போனெல்லாம் இங்கதாம்மா இருக்குது. கூட எடுத்துக்கினு போவக் கூடாதுன்னு வாங்கி, பையில போட்டுக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. மொத்தம் பதினோரு போனு. சாயந்தரத்துலேர்ந்து ஒவ்வொண்ணா அடிச்சிக்கினே இருக்குது. நான் சோறாக்குறதா, இத எடுத்துப் பேசிக்கினு இருக்கறதா?"

"எப்ப வருவாங்கக்கா?"

"வந்தா தெரியும்." டி.வி. சத்தம் கொஞ்சம் குறைந்தது. "சும்மா சும்மா அடிக்காதம்மா. சார்ஜ் தீந்துடும்."

வைத்துவிட்டாள்.

மலர்விழி மறுபடியும் அடித்தாள்.