கணுவுக்கு நான்கு இலை

அப்பாவுக்குப் போட வெள்ளைச் சட்டை தேடி அலமாரியைக் குடைந்தபோது, அடித்தட்டில் லிசியின் கையில் தட்டுப்பட்டவை பிரஷர் மாத்திரை அட்டைகள். ஒன்பது அட்டை. மூன்று மாதமாக அவளே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றில்கூட ஒரு மாத்திரை பிரிக்கப்படவில்லை.

ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் பிலோமின்ராஜ் கிடந்தார். நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது வாய் கோணி விழுந்தவர், ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவாரா என்று கேட்டதற்கு, ஒருநாள் தவறமாட்டார் என்று லிசி அடித்துச் சொல்லியிருந்தாள்.

அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போய் அட்டைகளைக் காட்டினாள். அக்னஸ் ஆச்சரியப்படவில்லை.

"உங்க பெரியப்பாதான் வேணாம்னாரு. கஷாயமும் மாத்திரையும் சேந்தா ஆகாதாம்."

"அவரு சொன்னா? அப்பாவுக்குப் புத்தி எங்க போச்சு?"

"பதினோரு வருஷம் கழிச்சு வாசப்படி ஏறுன மனுஷன்டி. அவரு கொண்டாந்ததை வேணாம்னு சொல்ல உங்கப்பாவுக்கு வாய் வருமா?"

அந்தப் பதினோரு வருஷச் சண்டை ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது. காரணம் கேட்டால் அண்ணன் ஒரு கதை சொல்வார், தம்பி ஒரு கதை சொல்வார். இரண்டிலும் குற்றவாளி மற்றவர்தான். ஈஸ்டர் முடிந்த வாரம் பெரியப்பா அற்புதசாமி அரியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு பை வேரும் பூவோடு ஒரு செடியுமாக எடமலைப்பட்டி புதூர் தம்பி வீட்டில் வந்து இறங்கினார். மலைக்காட்டு நிழலில் முழங்கால் உயரம் வளரும் சர்ப்பகந்தி என்றார். பாம்புக்கடிக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் காலங்காலமாகக் கொடுக்கிற வேர், பிரஷரை அப்படியே இறக்கிவிடும் என்றார். அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, தம்பி கஷாயத்தைக் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து லிசியும் சந்தோஷப்பட்டவள்தான்.

ஆனால் பிலோமின்ராஜ் காலேஜ் தாவரவியல் லேபில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவர். பூவைப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் பேர் சொல்ல மாட்டார். புதிதாக எது கையில் வந்தாலும் ஒரு கிளையை நசுக்கி உலர்த்தித் தாளில் ஒட்டி எழுதிவைப்பது அவருடைய வியாதி. லிசி அலமாரிக்கு மேலிருந்த அந்தத் தாள் கட்டை இறக்கினாள். பெரியப்பா கொண்டுவந்த செடி ஒட்டிய தாள் மேலாகவே இருந்தது.

'பாம்புக்களா. கணுவுக்கு நான்கு இலை. ஒன்று பெரிது, மற்றவை சிறிது. பூ வெள்ளை, குட்டை. வாய்க்கால் ஓரங்களில் சாதாரணம். சர்ப்பகந்தி அல்ல. அதற்குப் பெரும்பாலும் மூன்று இலை, காம்பு சிவப்பு, பூக்குழல் நீளம். கொண்டுவந்தவர்: அண்ணன்.' கீழே தேதி.

தெரிந்தேதான் குடித்திருக்கிறார். லிசிக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. பெட்டியைத் திறந்து உலுக்கி எழுப்பிக் கேட்க வேண்டும் போலிருந்தது. அப்புறம், செத்தவரை என்ன கேட்பது, பெரியப்பாவிடம் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது என்று தாளை மறுபடி கட்டுக்குள் செருகினாள்.

அற்புதசாமி கொல்லைக் கதவோரம் வந்து நின்றார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"லிசி, மிச்ச வேரை ஒரு பையில போட்டுக் குடும்மா. எனக்கும் பிரஷர்தான். தம்பி குடிச்சதை இனிமே நான் குடிக்கிறேன். மாத்திரைய நேத்தே நிறுத்திட்டேன்."

"அதனாலதான அப்பா போயிட்டாரு?"

"வேர் இல்லேன்னா ஈஸ்டருக்கே போயிருப்பான். உனக்கு என்ன தெரியும்?"

"அது சர்ப்பகந்தியே இல்ல பெரியப்பா."

"யாரு சொன்னா? உங்கப்பன் ஒரு வார்த்தை சொல்லல. அவனுக்குத் தெரியாத செடியா?"

குடித்துத் தொலையட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. பிறகு உள்ளே போய்த் தாளை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி ஓட்டிப் படித்தார். தேதியில் விரல் நின்றுவிட்டது.

"இது நான் வந்ததுக்கு மறுநாளு."

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"சொல்லியிருந்தா நீங்க அதுக்கப்புறம் வந்திருப்பீங்களா?"

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றி, ஜெபம் சொல்லி முடித்தார்கள். அக்னஸின் அழுகைக்கு மேலாக யாரோ குரல் கொடுத்தார்கள்.

"தலைமாட்டுக்கு அண்ணன் வாங்க!"

அற்புதசாமி எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். மடியிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாலாவது ஆளுக்காகக் குனிந்தபடி நின்றார்கள்.

லிசி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்தக் கைப்பிடியைப் பற்றினாள்.

"தூக்குங்க," என்றாள்.