தானமாக வந்த கோழி

கடல்தெய்வமான மாட்சு அம்மன் கோயிலின் பின்பக்கச் சமையல்கூடத்தில் காலையிலேயே சோறு வெந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வெளியூர் போய்விட, தனியே காலம் தள்ளும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடம் அது. பொறுப்பு ஷியூலுவானுடையது. பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவள். சம்பளம் கிடையாது, ஆனால் இந்த வேலைக்கு ஒருநாள்கூடத் தாமதமாக வந்தது கிடையாது.

புயல் ஓய்ந்திருந்தது. ஊரில் பாதி இடங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மின்சாரம் திரும்பியிருந்தது. ஷியூலுவான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் காவ். கோழி மொத்த வியாபாரி, கோயில் நிர்வாகக் குழுவின் துணைத் தலைவர். பெட்டிகளைத் தானே தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்.

"ஷியூலுவான், இன்னிக்கு உன் பெருசுங்களுக்கு யோகம்தான் போ! எல்லாம் தொடைக்கறி. எலும்புகூட எடுத்தாச்சு."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பையின் அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கி, மறுபடி உறைந்து கட்டியாகக் கிடந்தது. ஒருமுறை உருகி, திரும்பக் குளிரூட்டப்பட்ட கறி. மேலே இளகியிருந்த ஒரு துண்டை எடுத்தாள். ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. விரலால் அழுத்தினாள். நல்ல கறி அழுத்திய வேகத்தில் எழும்பும். இது அமுங்கியது அமுங்கியபடியே இருந்தது. விரலை எடுத்தால் கொழகொழவென்று நூல் விட்டது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, புளித்த வாடை தானாகவே மேலே வந்தது.

"அண்ணே, இது ஒரு மாதிரியா இருக்கே?"

"கிடங்கு வாடைம்மா அது. கரண்ட் கொஞ்ச நேரம் போச்சுல்ல? இஞ்சியைத் தட்டிப் போட்டு நல்லா கொதிக்க விடு. எந்தக் கிருமி உசுரோட நிக்கும்? நாங்கல்லாம் இதைவிட மோசமானதைத் தின்னு வளந்த ஆளுங்க."

"இல்லண்ணே, வயசானவங்க..."

"வயசானவங்க கறியைப் பார்த்து எத்தனை நாளாச்சு? கேட்டுப் பாரு," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஷியூலுவான் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சமையல்கூடத்தின் அடுப்பு, பெரிய பாத்திரங்கள், எரிவாயு எல்லாம் காவ் தயவில் வந்தவை. மனுஷர் முகம் சுளித்தால் நாளைக்கு அடுப்பு எரியாது. கூட வேலை செய்யும் யாஜென் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதையா சமைக்கப் போறோம்?" என்றாள். சாப்பாட்டுப் பெட்டிகளை ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான்.

"எள்ளெண்ணெயும் சோயாவும் தாராளமா ஊத்து. துளசியை அள்ளிப் போடு. ஒண்ணும் தெரியாது."

சொன்னது தன் வாய்தானா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதற்குள் கை வேலையைத் தொடங்கிவிட்டது. உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வழவழப்பு போகவில்லை. மறுபடி கழுவினாள். தண்ணீர் தெறித்துப் பக்கத்திலிருந்த கீரைக்கூடைவரை நனைந்ததுதான் மிச்சம். இஞ்சியும் பூண்டும் அரிசி மதுவும் சேர்ந்து எண்ணெயில் பொரிந்தபோது கூடமே மணத்தது. அந்த மணத்தில் அவளுக்கும் கொஞ்சம் நிம்மதி வந்தது.

யாஜென் முதல் நடைக்கான பெட்டிகளோடு கிளம்பினாள். ஷியூலுவான் மீதிப் பெட்டிகளை நிரப்பி முடித்தாள். கடைசியாக, வழக்கம்போல் வீட்டுக்கு ஒன்று. கணவர் மிங்தே கடை பூட்டிவிட்டு மதியம் வந்து சாப்பிடுவார். சோறு வைத்தாள், முட்டைக்கோஸ் வைத்தாள், இரண்டு அவித்த முட்டையைப் பிளந்து வைத்து மூடினாள்.

அடுத்த நடைக்குத் திரும்பி வந்த யாஜென் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னக்கா, அண்ணனுக்குக் கோழி வைக்கலையா? தொடைக்கறின்னா உசுரை விடுவாரே."

"அவருக்கு இன்னிக்கு வயிறு..." என்று தொடங்கிய ஷியூலுவானுக்குப் பொய்யை முடிக்க முடியவில்லை. மிங்தேயின் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. யோசித்து ஒதுக்கியதும் இல்லை. கை தானாகவே கோழிச் சட்டியைத் தாண்டிப் போயிருந்தது. மனசு ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கைக்கு உண்மை தெரிந்திருக்கிறது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யாஜென், முதல் நடையில யார் யாருக்குக் கொடுத்தே?"

"ஆத்தங்கரைத் தெரு மூணு வீடு. அப்புறம் துங் தாத்தா. ஏன்க்கா?"

"ஆத்தங்கரைத் தெருவுக்குத் திரும்பிப் போ. பெட்டியைத் திறக்க விடாத. திறந்திருந்தா வாயில வைக்க விடாத. நான் தாத்தா வீட்டுக்குப் போறேன்."

துங் கிழவர் ஒரு காலத்தில் கரும்பாலையில் வேலை பார்த்தவர். ஷியூலுவான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மேசைமேல் பெட்டி திறந்திருந்தது. கிழவர் சோற்றையும் முட்டைக்கோஸையும் தின்றுகொண்டிருந்தார். கோழித் துண்டுகள் எல்லாம் மூடியின்மேல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"தாத்தா, அதைத் தொடாதீங்க! சோத்தையும் வெச்சிடுங்க, அதோட சாறு பட்டிருக்கும். கறி கெட்டுப்போச்சு."

"தெரியும்," என்றார் அவர் சாதாரணமாக. "இத்தனை மசாலாவுக்கு அடியிலயும் வாடை வருதே."

"தெரிஞ்சா ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணி? சோறு சரியில்லைன்னு சொல்லவா? சொன்னா நாளைக்குப் பெட்டி வருமா?" கிழவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "கோடையிலயும் ஒருதடவை கோழி இப்படித்தான் வந்துச்சு. அன்னிக்கு ஒதுக்கலை, தின்னுட்டேன். எழுந்திரிக்க முடியாம கிடந்தேன். ஓசியில வர்றதை மூக்கால பார்க்கக்கூடாதுன்னு பேசாம இருந்துட்டேன்."

ஷியூலுவானுக்குக் கோடை நினைவுக்கு வந்தது. அந்த வாரம் நாலைந்து முதியவர்கள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். வெயில் என்றார்கள், வயசு என்றார்கள். அவளும் அப்படியே நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டாள்.

நல்லவேளையாக ஆற்றங்கரைத் தெருவில் யாரும் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. சமைத்த கறி, சோறு, தண்ணீர் தெறித்த கீரை எல்லாம் குப்பைக்குப் போயின. மேசையையும் கத்திகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, புதிதாகச் சோறு வடித்து, முட்டையும் சோயாக் கட்டியும் வைத்து அனுப்பினார்கள். அன்று முதியவர்கள் எல்லாரும் சாப்பிட நேரமாகிவிட்டது.

செய்தி காவ் காதுக்கு எட்ட நேரமாகவில்லை. கோபமாக வந்தார்.

"நான் குடுத்த கறியைக் குப்பையில கொட்டினியாமே! ஊர்ல என் மானம் என்ன ஆகும்?"

ஷியூலுவான் சத்தம் போடவில்லை. பிரிக்காமல் மிச்சமிருந்த பையைக் கொண்டுவந்து அவர்முன் பிரித்தாள். "கோழியில பொறந்து கோழியில வளந்தவர் நீங்க. அழுத்திப் பாருங்கண்ணே."

அவர் அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இதைக் கடையில வைப்பீங்களா?"

பையைப் பார்த்தபடி, "மாட்டேன்," என்றார். "கிடங்குல ரெண்டு நாள் கரண்ட் இல்லை. தூக்கிப்போட மனசு வரலை. பசியில கிடந்து வளந்தவன் நான். யாராவது தின்னா புண்ணியம்னு..."

"கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும். அது கக்கி வெச்ச விஷம் அப்படியே இருக்கும்னு இந்த வேலைக்கு வர்றப்போ சுகாதார நிலையத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, கேட்டுக்கிட்டவதான் நான். உங்க மேல மட்டும் தப்பு சொல்லலைண்ணே. கொண்டாந்தது நீங்க, மசாலா போட்டு மூடினது நான். எங்க வீட்டுக்கு மட்டும் முட்டை எடுத்து வெச்சேன்."

காவ் பையைக் கட்டித் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சில நாள் அவர் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. சமையல்கூடத்தில் முட்டையும் சோயாக் கட்டியும்தான் ஓடின. பிறகு ஒரு காலை, காவிடமிருந்து சின்னக் கூடை ஒன்று வந்தது. அன்று அறுத்த கோழி. ரோஜா நிறம், ஈரம் உண்டு, ஒட்டவில்லை, வாடையில்லை. அழுத்தினால் துள்ளி எழும்பியது.

அன்று பெட்டி கொடுத்துவிட்டு வந்த யாஜென் பொருமினாள். "துங் தாத்தாவுக்குத் திமிரைப் பாருக்கா! கறி நல்லாருக்காம், உப்புதான் குறைவாம். நாளைக்குச் சரியாப் போடணுமாம். ஓசிச் சோத்துக்கு என்ன பேச்சு பேசுறாரு!"

ஷியூலுவான் சிரித்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"பேசட்டும்டி. குறை சொன்னா சோறு நின்னுடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டிருந்தவரு, இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்காரு. நம்ம பிள்ளை தட்டுல வைக்கக் கை கூசுற எதையும் அடுத்தவங்க தட்டுல வைக்கக்கூடாது. வெச்சா அது தானம் இல்ல, நம்ம குப்பையை அவங்க வயித்துல கொட்டுறோம், அவ்வளவுதான். இலவசமா வாங்குறவனுக்கும் வயிறு ஒண்ணுதான், மானம் ஒண்ணுதான்."