தானா உடைந்த கண்ணாடி

என் தம்பிக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி அவனைக் கூப்பிட இப்போது ஆளில்லை. வீட்டிலும் கடையிலும் அவன் 'தானா'. சின்ன வயதிலிருந்தே அவன் எதையும் உடைத்ததில்லை. எல்லாம் தானாக உடைந்தன. ஃபிளாஸ்க் தானா உடஞ்சிடுச்சு. நாற்காலிக் கால் தானா முறிஞ்சிடுச்சு. எனக்குக் கல்யாணப் பரிசாக வந்த சுவர்க்கடிகாரம், அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தபோதே, தானா விழுந்திடுச்சு. 'உடச்சிட்டேன்' என்று ஒரு வார்த்தை இருப்பதே அவனுக்குத் தெரியாது என்பார் என் வீட்டுக்காரர்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள், கண்ணாடிக் கடை!

கடை எங்களுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஜன்னல், கதவு, குளியலறைத் தடுப்பு என்று எல்லாவற்றுக்கும் கண்ணாடி மாட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. வாடிக்கையாளர்களின் வாயைச் சமாளிப்பது என் வேலை. தம்பி போன் எடுப்பான், அளவெடுப்பான், மாமா பின்னாலேயே போய்க் கண்ணாடியின் மறுமுனையைப் பிடிப்பான். வேலையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் தனியாக ஒரு ஜன்னல்கூட அவர் அவனை மாட்ட விட்டதில்லை. மீசை முளைத்து எவ்வளவோ காலமாகியும் மறுமுனையையே பிடித்துக்கொண்டிருப்பது அவனை உள்ளுக்குள் அரித்தது. எனக்கும்தான்.

"ஏன் அவனை இப்படி ஒதுக்கறீங்க? கை நல்லாத்தானே ஓடுது?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"கையில குறை இல்ல. கண்ணாடிக்காரன் கையில கண்ணாடி உடையத்தான் செய்யும், நான் உடைக்காததா? ஆனா ஓரத்துல சில்லு போயிருந்தா வாயைத் தெறந்து சொல்லணும். மூடி மறைச்சு மாட்டிட்டு வந்தா, என்னைக்காவது ஒருநாள் யாராவது சாஞ்சு நிக்கறப்போ வெடிக்கும். 'தானா'ன்னு சொல்றவனை நம்பி நான் எப்படி அனுப்பறது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்காக நான் விடுவேனா?

என் நச்சரிப்பு தாங்காமல் போன வாரம் இறங்கி வந்தார். ஒரு வீட்டு மாடிப்படிக்கு ஒரே ஒரு கண்ணாடித் தடுப்பு. "நீயே தனியாப் போய் மாட்டு. ஆனா அதுக்குள்ள அந்த 'தானா' என் காதுல விழுந்துச்சுன்னா, ஆயுசு முழுக்க கடையில போன் எடுக்கற வேலைதான்." தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து அந்தக் கண்ணாடி வந்து இறங்கியதும், கடையில் இடமில்லாமல், எங்கள் வீட்டு நடையில் இரண்டு மரச்சட்டங்கள்மேல் சுவரோரமாக நிறுத்தினோம். போகும்போதும் வரும்போதும் அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். மறுநாள் காலை மாட்ட வேண்டும்.

அன்று மதியம்தான் அந்தச் சத்தம்.

சமையலறையில் இருந்தேன். துப்பாக்கி வெடித்ததுபோல் 'டமார்' என்று ஒரு சத்தம். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். குளியலறைக்கு வெளியே வாஷ்பேசின் பக்கத்தில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ரேசரை உயரப் பிடித்தபடி தம்பி சிலையாக நின்றான். குளியலறைக்குள் இருந்த கண்ணாடித் தடுப்பு மேலிருந்து கீழ்வரை நொறுங்கிப் போயிருந்தது.

"அக்கா..." என்றான். "தா..."

"சொல்லாத! அந்த வார்த்தையைச் சொன்னே, நானே உன்னைக் கொன்னுடுவேன்!"

"சத்தியமா நான் தொடவே இல்லக்கா. இங்க நின்னு ஷேவ் பண்ணிட்டிருந்தேன். அது பாட்டுக்கு..."

"அது பாட்டுக்கு வெடிக்க அது என்ன பட்டாசா? நாளைக்கு வேலைய வச்சுக்கிட்டு இன்னிக்குத்தான் உனக்கு உடைக்கணுமா? மாமா சாப்பிட வர்ற நேரம், என்னடா சொல்றது?"

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. நான் சொல்லிச் சொல்லி வாங்கிக் கொடுத்த வாய்ப்பு, என் கண்ணெதிரிலேயே பாழாகிக்கொண்டிருந்தது.

கண்ணாடி மட்டும் கீழே கொட்டவில்லை. காரணம் என் ஸ்டிக்கர். உள்ளே நிற்கிற ஆள் தெரியக்கூடாது என்று, மீன் படம் போட்ட மங்கல் ஸ்டிக்கர் ஒன்றை வெளிப்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தேன். "கண்ணாடிக்காரன் வீட்டுக் கண்ணாடிமேல ஸ்டிக்கரா! வெளியில சொல்லிடாத, என் மானம் போயிடும்" என்று அவர் செய்யாத கேலி இல்லை. அந்த ஸ்டிக்கர்தான் அத்தனை துண்டுகளையும் சட்டத்துக்குள் இழுத்துப் பிடித்திருந்தது. உள்ளிருந்து இன்னும் 'படபட'வென்று பொரிகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

கீழே இரும்பு வாளி ஒன்று சாய்ந்து கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வாளியாலதானே இடிச்சே? எங்க இடிச்சேன்னு நானே கண்டுபிடிக்கிறேன், இரு!"

அடிபட்ட இடத்திலிருந்துதான் விரிசல்கள் நாலாபக்கமும் ஓடும். இத்தனை வருடம் கடையில் உட்கார்ந்திருந்ததில் இதுகூடத் தெரியாதா எனக்கு? கையுறை மாட்டிக்கொண்டு தடுப்பின் உட்பக்கம் போனேன். வாளி கிடந்த மூலையிலிருந்து ஆரம்பித்தேன். ஆனால் அங்கே இருந்த கோடுகள் வாளியைக் காட்டவில்லை. எல்லாம் மேலே போயின. விரலால் தொடர்ந்து போனேன். வலப்பக்கக் கோடுகளும் அங்கேயே வந்து சேர்ந்தன. மேலே இருந்தவையும் அங்கேயே இறங்கின. என் நெஞ்சு உயரத்தில், நட்டநடுவில், ஒரு மீனின் வால் பக்கத்தில் ஓர் இடம்.

அந்த இடத்தில் மட்டும் துண்டுகள் வேறு மாதிரி இருந்தன. மற்றதெல்லாம் பொடிப்பொடி. அங்கே மட்டும் இரண்டு பெரிய துண்டுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல். கையுறையைக் கழற்றிவிட்டு மெள்ள நகத்தால் தடவினேன். எதுவாவது இடித்திருந்தால் மேல்பரப்பு வெள்ளையாகப் பொடிந்து குழி விழுந்திருக்க வேண்டும். குழியும் இல்லை, பொடியும் இல்லை. மறுபக்கம் ஸ்டிக்கரில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியானால் எதுவும் இடிக்கவே இல்லை, கண்ணாடி உள்ளிருந்தே வெடித்திருக்கிறது!

"டேய்! போனை எடு! கேமராவைப் பெருசு பண்ணிப் பாரு! இந்த ரெண்டு துண்டும் சேர்ற கோட்டுல என்ன தெரியுது?"

அவன் நுரையைத் துடைக்கக்கூட மறந்து உள்ளே ஓடி வந்தான். திரையில் கோடு பெரிதாகிக்கொண்டே போனது. நட்டநடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"அழுக்காக்கா?"

"அழுக்கு எப்படிடா கண்ணாடிக்கு உள்ள இருக்கும்!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் குளியலறையைப் பார்த்தார், தம்பியின் பாதி நுரை முகத்தைப் பார்த்தார். அவர் முகம் இருண்டது. அவர் பேசத் தொடங்குவதற்குள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "முதல்ல இதைப் பாருங்க, அப்புறம் திட்டுங்க."

குனிந்தார். இன்னும் குனிந்தார். மூச்சே விடவில்லை.

"அடேயப்பா!" என்றார். பிறகு கத்தினார். "அடேயப்பா! கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததே இல்ல! என் டூல் பாக்ஸ்ல லென்ஸ் இருக்கு, ஓடு, ஓடு!"

தம்பி பறந்தான். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இந்தக் கண்ணாடியை நல்லாக் காய்ச்சிச் சட்டுனு காத்தடிச்சு ஆற வைப்பாங்க. மேல்தோல் இறுகிடும், உள்ள எப்பவும் இழுத்துக்கிட்டே இருக்கும். அதான் இதுக்குப் பலம். கண்ணாடி உருக்கும்போதே உள்ள நிக்கல் சல்ஃபைடுன்னு ஒரு அழுக்குத் துணுக்கு மாட்டிக்கிச்சுன்னு வை, அது சூட்டுல சுருங்கியிருக்கும். ஆறும்போது மறுபடி பெருசாகணும், ஆனா அதுக்குள்ள கண்ணாடி இறுகிடும். அப்புறம் வருஷக்கணக்கா உள்ளயே மெள்ள மெள்ள வீங்கும். ஒருநாள் பொறுக்க முடியாம..." இரண்டு கையையும் விரித்தார். "எல்லார் வீட்டுலயும் உடைஞ்சா கீழ கொட்டிடும், கூட்டி அள்ளிடுவாங்க, யாருக்கும் தெரியாது. உன் மீன் ஸ்டிக்கர்தான் பிடிச்சு வச்சிருக்கு!"

"மானம் போயிடும்னீங்களே?"

"போகட்டும்!" என்று சிரித்தார்.

அப்போது நடையில் 'டிக்' என்று ஒரு சத்தம். அவர் புள்ளியிலேயே கண்ணாக இருந்தார், கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது. வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். ஓடி வந்த வேகத்தில் தம்பி கையிலிருந்த இரும்புப் பெட்டி, சுவரோரம் நின்ற அந்த மாடிப்படிக் கண்ணாடியின் கீழ் மூலையில் இடித்திருந்தது. குனிந்து பார்த்தான். நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு. அடி ஓரம் என்பதால் மாட்டினால் சட்டத்துக்குள் போய்விடும், எவர் கண்ணுக்கும் தெரியாது. அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். பாவி, பேசாமல் வந்துவிடேன் என்றும் நினைத்தேன், சொல்லிவிடேன் என்றும் நினைத்தேன்.

லென்ஸைக் கொண்டுவந்து நீட்டினான். அவர் வாங்கிப் பார்த்தார். நிமிர்ந்தார். "மச்சான், உன்மேல தப்பே இல்லடா. இது நிஜமாவே..."

"மாமா," என்று குறுக்கிட்டான். "நாளைக்கு மாட்ட வேண்டிய கண்ணாடி... ஓரத்துல சில்லு போயிடு..." நிறுத்தினான். பெரிதாக மூச்சு வாங்கினான். "நான் உடச்சிட்டேன். இப்பத்தான். பெட்டியால இடிச்சுட்டேன்."

அவர் நடைக்குப் போய், குந்தி உட்கார்ந்து, அந்த மூலையை விரலால் தடவினார். அதுவும் காய்ச்சி இறுக்கிய கண்ணாடிதான், வெட்டிச் சரிசெய்ய முடியாது, புதிதாகத்தான் செய்து வர வேண்டும். எழுந்து வந்தார்.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"நான் உடச்சிட்டேன், மாமா."

அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவன் முகத்தில் காய்ந்துபோயிருந்த நுரையைத் துடைத்துவிட்டார். "அந்த வீட்டுக்குப் போன் போட்டு, வேற கண்ணாடி வரணும், நாளாகும்னு சொல்லு. வந்ததும் நீயே போய் மாட்டு. நான் வரமாட்டேன்."

தம்பி தலையை வேகமாக ஆட்டினான்.

அந்த நேரம் பார்த்துக் குளியலறைத் தடுப்பின் மேல் மூலையிலிருந்து ஒரு கொத்துக் கண்ணாடி கழன்று தரையில் கலகலவென்று கொட்டியது. தம்பி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் துள்ளினான்.

"தெரியும்டா," என்றார் அவர். "அது தானா."